மூன்று பூஜ்யங்கள்

தென்காசியில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர் அறையில் உட்கார்ந்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. வயது நாற்பத்தேழு. வடகரையில் தென்னந்தோப்பை ஒட்டி வீடு. இருபது வருடம் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அந்தப் பள்ளியை மூடி இரண்டு வருடம் ஆகிவிட்டது. இங்கே செஸ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையிலேயே பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தார். துணைக்கு நான்.

தாளாளர் நல்ல மனிதர்தான். எங்களுக்குக் காபி வரவழைத்தார். பிறகு, "ரேட்டிங் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"டோர்னமென்ட் சர்டிபிகேட்?"

"காலேஜ்ல ஆடுனது உண்டு சார். பேப்பர் எல்லாம் அம்மா வீட்ல எங்கன கிடக்கோ தெரியல."

அவர் மேசை மேல் கிடந்த தன் செல்போனை எடுத்து எங்களுக்குக் காட்டினார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க. உலக சாம்பியனையே தோக்கடிக்கிற கம்ப்யூட்டரு இன்னைக்கு இதுக்குள்ள கிடக்கு. பிள்ளைங்க அதுலயே படிச்சிருதுங்க. அதுக்கு மேல ஒரு ஆளு நின்னு என்னத்தச் சொல்லிக் குடுக்க முடியும், நீங்களே சொல்லுங்க?"

எனக்கு நாக்கு நுனி வரை பதில் வந்தது. மதினி என் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு இது அபூர்வம்.

எங்கள் முகத்தைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். "ஒண்ணு செய்யுங்க. அடுத்த மாசம் குத்தாலத்துல ஒரு போட்டி நடக்கு. ரெண்டு ஆளு, ஒரு லேப்டாப்பு, அதான் ஒரு டீம். கம்ப்யூட்டர்கிட்ட என்ன வேணும்னாலும் கேட்டுக்கிடலாம். பரிசு குடுக்க என்னையத்தான் கூப்பிட்டிருக்காங்க. அதுல முதல் இடம் வாங்குங்க, பேசுவோம். அதுவரைக்கும் வேற ஆளு போடாம வச்சிருக்கேன்" என்றார்.

புது பஸ் ஸ்டாண்டில் வடகரை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நான் அவரை நன்றாக ஏசித் தீர்த்தேன். மதினி கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று அழ ஆரம்பித்துவிட்டார். முந்தானையால் முகத்தை மூடிக்கூடக் கொள்ளவில்லை.

"வேலை கேட்டுப் போன எட்டாவது இடம்ட்டி இது. சும்மா இருந்து சும்மா இருந்து எனக்குக் கோட்டி புடிக்குது. அவுக தோப்புக்குப் போயிருதாவ. நான் செவுத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"அப்பம் ஆடிருவோம் மதினி" என்றேன். கோபத்தில் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு எனக்கும் வீம்பு பிடித்துக்கொண்டது.

நான் தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் டெக்னீஷியன். பள்ளிக்கூட நாளில் மாவட்ட அணிக்காக செஸ் ஆடியவள். இதை நான் யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். மதினி அப்படியெல்லாம் எங்கேயும் ஆடியவர் இல்லை. கல்லூரிப் போட்டி ஒன்றிரண்டு, மற்றபடி அவர் அப்பாவிடம் கற்றுக்கொண்டதுதான். அவருக்குப் பிறந்த வீடு செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், புனலூர் போகிற வழியில். எங்கள் இருவரில் யார் கெட்டிக்காரி என்ற கேள்வி என் மனதில் எழுந்ததே இல்லை.

அந்த மாதம் ஞாயிற்றுக்கிழமை தோறும் மதினி என் வீட்டுக்கு வந்தார். என் பழைய லேப்டாப்பில் இலவசமாகக் கிடைக்கிற செஸ் புரோகிராமை ஏற்றினோம். ஆட்டத்தின் நிலைமையை அதில் வைத்தால் திரையின் ஓரத்தில் ஒரு எண் ஓடும். பிளஸ் என்றால் நம் கை ஓங்கியிருக்கிறது, மைனஸ் என்றால் எதிராளியின் கை. பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம் என்றால் யாருக்கும் இல்லை, டிரா. அதற்குக் கீழே சிறந்த நகர்வுகளை வரிசையாகக் காட்டும். இதில் மனிதர் செய்வதற்கு என்ன இருக்கிறது? முதல் வரியில் உள்ளதை எடுத்துப் பலகையில் வைக்க வேண்டியதுதான். நான் அப்படித்தான் நினைத்தேன். நான் திரையில் விரலை வைப்பேன், மதினி காயை எடுத்து வைப்பார். நிறுத்தாமல் ஆடினோம். அண்ணன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "ரெண்டு கோட்டிக்காரியும் ஒண்ணு சேந்துட்டாளுவ, இனி சோறு கிடைச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போட்டி ஐந்தருவி போகிற ரோட்டில் ஒரு லாட்ஜின் சாப்பாட்டு ஹாலில் நடந்தது. சீசன் தொடங்க இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அருவியில் பாறையை நனைக்கிற அளவுக்குத்தான் தண்ணீர், லாட்ஜ் முழுக்க நாங்கள்தான். குரங்குக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். ஒரு டீமுக்கு ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம். சனிக்கிழமை மூன்று ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று. இதெல்லாம் நாங்கள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத ஒன்று, லேப்டாப்பைப் பலகைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றது. எதிராளி திரையைப் பார்த்துவிடக் கூடாதாம். பின்னால் தனியாக ஒரு குட்டி மேசை போட்டிருந்தார்கள். ஒருவர் பலகையில், ஒருவர் லேப்டாப்பில். இடையில் மெதுவாகப் பேசிக்கொள்ளலாம்.

நான் லேப்டாப்பில் உட்கார்ந்தேன். அதைப் பற்றி மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதல் இரண்டு ஆட்டமும் ஜெயித்தோம். எங்களோடு ஆடியவர்கள் அந்தப் புரோகிராமையே சரியாக இயக்கத் தெரியாதவர்கள். மூன்றாவதில் எங்களுக்கு நல்ல நிலைமை. திரையில் முதல் வரியைப் பார்த்து, குனிந்து மதினியின் காதில், "யானையை டி ஒண்ணு கட்டத்துல வையுங்க" என்றேன்.

மதினி மந்திரியை எடுத்து டி ஒன்றில் வைத்தார்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. செஸ்ஸில் வைத்தால் வைத்ததுதான், திரும்ப எடுக்க முடியாது. "மதினி! நான் யானையைல்லா சொன்னேன்!"

"ஆனையத்தான வச்சேன்!"

"இது மந்திரி!"

"மந்திரியா? மந்திரி அந்தா ராஜா பக்கத்துல நிக்குதுல்லா!" என்று ராணியைக் காட்டினார்.

ஹாலில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நடுவர் வந்து உதட்டில் விரல் வைத்தார். எதிரே இருந்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அடுத்த பதினைந்து நகர்வில் எங்கள் கதை முடிந்தது.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டில் மூலையில் நின்று நேராகப் போகிற காய்க்கு யானை என்று பெயர், குறுக்காகப் போகிறது மந்திரி. மதினி வீடு மலையாளம் கலந்த வீடு. அங்கே மூலையில் நிற்பது தேர். குறுக்காகப் போவதுதான் ஆனை. மந்திரி என்றால் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கிற, நாங்கள் ராணி என்கிற காய். அவர் எங்கள் குடும்பத்துக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஒரே சோற்றைத் தின்று, ஒரே பலகையில் ஆடியிருக்கிறோம். ஒரு மாதம் பயிற்சி செய்திருக்கிறோம். நான் விரலால் காட்டிக்கொண்டே இருந்ததால் பெயர் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

ஷேர் ஆட்டோவில் தென்காசி வரும் வரை நான் ஏசிக்கொண்டே வந்தேன். "யானைன்னா யானைதான் மதினி. ஊரு உலகத்துல எல்லாருக்கும் யானைன்னா ஒண்ணுதான்." மதினி ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். கோயில் வாசலில் இறங்கிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏட்டி, பேரு மாறிப்போச்சு, சரி. இனி பேரே வேண்டாம், கட்டத்த மட்டும் சொல்லிக்கிடுவோம். அது முடிஞ்சுது. நான் ஒண்ணு கேக்கேன். அந்த இடத்துல ஆனைய பின்னால வச்சா கூறுகெட்ட மூவுன்னு எனக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் எதுக்கு வச்சேன்?"

"எதுக்கு?"

"நீ சொன்னன்னு வச்சேன். மிஷினு சொல்லி நீ சொல்லுத. நடுவுல நான் எதுக்குன்னு என் மூளைய நான் தூக்கி வச்சிட்டேன். எனக்கு வேலை குடுக்க மாட்டேன்னு அந்த ஆளு சொன்னாருல்லா? நீயும் அதைத்தான் சொல்லுத. அவரு வாயால சொன்னாரு, அவ்வளவுதான்."

நான் அங்கேயே நின்றேன். பூக்கடைக்காரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

என் வேலையில் ஒவ்வொரு நாளும் நடக்கிற ஒன்றை நான் செஸ்ஸுக்குக் கொண்டுவரவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு தடவை ஒருவருடைய ரத்தத்தில் பொட்டாசியம் பயங்கரமாக ஏறியிருப்பதாக மெஷின் காட்டியது. அந்த அளவு உள்ளவர் படுக்கையில் கிடக்க வேண்டும். அவரோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் யாரிடமோ தேங்காய் விலை பேசிக்கொண்டிருந்தார். நான் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் ரோஸ் நிறத்தில் இருந்தது. ஊசியில் அவசரமாக இழுத்ததில் ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன. மெஷினிடம் குற்றமில்லை, கொடுத்ததை அது சரியாகத்தான் அளந்தது. ரிப்போர்ட்டை நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுக்கச் சொன்னேன். இப்படிப் பத்து வருடமாக மெஷினைச் சந்தேகப்பட்டே சம்பளம் வாங்குகிறவள், ஒரு செஸ் புரோகிராமுக்கு முன்னால் மாத்திரம் கைகட்டி நின்றிருக்கிறேன். மதினியையும் கைகட்ட வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து முறையை மாற்றினோம். முதலில் மதினி தன் மனதில் உள்ள நகர்வைச் சொல்ல வேண்டும். அதுவரை திரையில் இருப்பதை நான் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. இரண்டும் ஒன்றாக இருந்தால் யோசிக்காமல் ஆடிவிடுவோம். வேறாக இருந்தால், ஏன் வேறு என்று நான் கம்ப்யூட்டரிடம் துருவிக் கேட்க வேண்டும். மதினி சொன்னதை அதில் போட்டுப் பார்த்து, எதிராளி என்ன செய்வார், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நேரம் அந்த இடங்களில்தான் செலவாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் வேறு ஆட்கள். நான்காவது ஆட்டத்தில் மூன்று இடங்களில்தான் மதினியும் கம்ப்யூட்டரும் முரண்பட்டார்கள். இரண்டில் கம்ப்யூட்டர் சொன்னது சரி. மூன்றாவதில் மதினி சொன்னதைப் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டதும், கம்ப்யூட்டரே தன் எண்ணை மாற்றிக்கொண்டு அதை முதல் வரிக்குக் கொண்டுவந்தது. நான் மதினியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். அந்த ஆட்டமும் ஜெயித்தோம், ஐந்தாவதும் ஜெயித்தோம். இடைவேளைகளில் மதினி சும்மா இருக்கவில்லை. தண்ணீர்க் கேன் பக்கத்தில் நின்றுகொண்டு மற்றவர்கள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை அல்ல, ஆட்களை.

கடைசி ஆட்டம் வாசுதேவநல்லூர்க்காரர்களோடு. இருவருக்கும் முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். ஒருவர் வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்ப்பவர். அவருடைய லேப்டாப் கறுப்பாக, கனமாக, என்னுடையதைப் போல இரண்டு மடங்கு. நான் கேட்ட கேள்விக்கு என் லேப்டாப் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அது பதில் சொல்லி முடித்திருக்கும். அவர்கள் ஐந்து ஆட்டத்தில் நான்கு ஜெயித்து ஒன்று டிரா. நாங்கள் நான்கு வெற்றி, ஒரு தோல்வி. கணக்கு எளிது. ஜெயித்தால் முதல் இடம் எங்களுக்கு. டிரா என்றால் அவர்களுக்கு முதல் இடம், எங்களுக்கு இரண்டாம் இடத்துக் கோப்பை. தோற்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை.

எங்களுக்கு வெள்ளைக் காய். முப்பது நகர்வு வரை ஒரு சின்னப் பிழைகூட இரண்டு பக்கமும் இல்லை. எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் ஒரே புரோகிராம்தான். எண் பூஜ்யத்தில் வந்து நின்றது. பரிசு கொடுக்க வந்த தாளாளர் எங்கள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மதினி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஈ ஒண்ணுல நிக்குறத ஈ அஞ்சுல வைக்கலாம்ட்டி" என்றார். நான் யானை என்கிற, அவர் தேர் என்கிற காய்.

நான் திரையைப் பார்த்தேன். அதில் மூன்று நகர்வுகள் இருந்தன. மூன்றுக்கும் நேராக பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். மதினி சொன்னது அந்த மூன்றில் இல்லை. அதைப் போட்டுப் பார்த்தேன். மைனஸ் பூஜ்யம் புள்ளி எட்டு.

"மதினி, மைனஸ் புள்ளி எட்டு. அவன் குறுக்கால வந்து அதை வெட்டிருவான்."

"வெட்டட்டும்."

"அது பெரிய காயி. அவன் சின்னக் காயக் குடுத்துட்டுப் பெரிய காய எடுத்துக்கிடுவான். மிஷினு மூணு மூவு காட்டுது, மூணும் பத்திரம்."

"மூணும் எங்கன போய் முடியும்?"

"டிராவுல."

"அவன் வெட்டுனா நான் டி நாலுல நிக்குற சிப்பாயால திருப்பி வெட்டுவேன். அதோட நடு வழி அடைபட்டுரும். அவனுக்குப் பெரிய காயி ரெண்டு இருக்கும், ஆனா அது ரெண்டும் போகத் தெரு இருக்காது. மிஷினு காய எண்ணுது. தெருவ எண்ணுதா?"

அது உண்மைதான். திரையில் நகர்த்திப் பார்த்தேன். எண் மைனஸிலேயே இருந்தது, ஆனால் அவர்களுக்கு உள்ளே வர வழியையும் அது காட்டவில்லை. இங்கும் அங்கும் காயை ஆட்டிக்கொண்டிருந்தது.

"பூட்டிக்கிட்டா அதுவும் டிராதானே மதினி?"

"அவனுங்க விட மாட்டானுவ. ரெண்டு நாளா பாக்கேன். நம்பரு பூஜ்யமா இருந்தா அமைதியா இருக்கானுவ. பிளஸ்ஸுல வந்துட்டா கை நிக்க மாட்டேங்குது. இப்பம் டிரா போதும் அவனுங்களுக்கு. பிளஸ் புள்ளி எட்டுன்னு கண்ணுல காட்டிட்டா, டிரா பிடிக்காமப் போயிரும். பூட்ட உடைக்கப் பாப்பானுவ. எஃப் ஏழுல நிக்குற சிப்பாய எஃப் ஆறுக்குத் தள்ளுவானுவ, பாரு. அதுதான் ஒரே கதவு. அந்தக் கதவு அவன் ராஜா வீட்டுக் கதவு."

"தள்ளலன்னா?"

"தள்ளலன்னா நாம தோத்தாலும் தோப்போம்."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. மதினி காயைத் தொடவில்லை. "நீ சரின்னு சொல்லாம நான் கை வைக்க மாட்டேன்" என்றார்.

மூன்று பூஜ்யமும் திரையில் அசையாமல் நின்றன. நான் மறுபடியும் மறுபடியும் பார்த்தேன், அதில் ஏதாவது ஒன்று பிளஸ்ஸாக மாறிவிடாதா என்று. லேப்டாப்பின் விசிறி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. கடைசியில், "சரி" என்றேன்.

மதினி காயை எடுத்து ஈ ஐந்தில் வைத்தார். சாஃப்ட்வேர்க்காரர் தன் திரையைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார், புருவத்தைத் தூக்கினார். இருபது வினாடியில் அவர்கள் வெட்டினார்கள். மதினி திருப்பி வெட்டினார். நடு வழி அடைபட்டது.

இதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அடுத்து எது சிறந்தது என்று கம்ப்யூட்டரிடம் கேட்பதை நிறுத்தினேன். மதினி சொன்ன அந்த எஃப் ஆறை நானே திரையில் ஆடிவிட்டு, அவர்கள் இப்படித் தள்ளினால் என்ன பதில் என்று மட்டும் கேட்டேன். என் லேப்டாப் மெதுவானதுதான். ஆனால் இந்த ஒரு கேள்விக்கு அதற்கு நிறைய நேரம் இருந்தது. அவர்கள் பூட்டைச் சுற்றிச் சுற்றி வந்த ஏழெட்டு நகர்வு நேரமும் அது அதையே தோண்டிக்கொண்டிருந்தது. எண் மைனஸ் ஒன்றுக்குப் போனது. அவர்கள் திரையில் அது பிளஸ் ஒன்று. அவர்கள் குசுகுசுவென்று பேச ஆரம்பித்தார்கள். நண்பர் கையை ஆட்டி ஆட்டி, தள்ளு என்று சொல்வது இங்கிருந்தே தெரிந்தது. சாஃப்ட்வேர்க்காரர் தயங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார். தள்ளினார்.

நான் மதினியிடம் நான்கு கட்டங்களின் பெயரைச் சொன்னேன். நான்கு நகர்வுக்கான பதிலும் தயாராக இருந்தது. முதல் நகர்விலேயே அவர்களுடைய முகம் மாறியது. அவர்களுடைய லேப்டாப் பெரியதுதான், ஆனால் அதனிடம் புதிதாகக் கேட்க அவர்களுக்கு மூன்று நிமிடம்தான் மிச்சம். இருவரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டே அதில் இரண்டைத் தின்றார்கள். மதினியின் குறுக்குக் காய் திறந்த கதவு வழியே நேரே உள்ளே போனது. என் திரையில் பிளஸ் மூன்று, பிளஸ் ஐந்து. சாஃப்ட்வேர்க்காரர் கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கை நீட்டினார்.

நான் சத்தம் போட்டுவிட்டேன் என்று பிறகு மதினி சொன்னார். எனக்கு நினைவில்லை.

தோற்றாலும் அந்த மனிதர் தங்கமான மனிதர். லேப்டாப்பை எங்கள் மேசைக்கே தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, இங்கன பாருங்க. நான் எஃப் ஆறு தள்ளாம, இந்த இடத்துல என் பெரிய காயத் திருப்பிக் குடுத்திருந்தா நீங்க காலி. இப்பம் கொஞ்சம் நேரம் விட்டதும் காட்டுது பாருங்க, பிளஸ் மூணு. உங்க ஈ அஞ்சு பெரிய தப்பு அக்கா" என்றார். அவர் குரலில் குத்தல் இல்லை. புதிரை அவிழ்த்த சந்தோஷம்தான் இருந்தது.

தாளாளர் நாற்காலியோடு முன்னால் நகர்ந்து வந்தார். "அப்படின்னா அந்த மூவு தப்பா?"

"இல்ல சார், அது நாங்க போட்ட ஒரு பிளான்..." என்று நான் முந்திக்கொண்டேன். மேசைக்கு அடியில் மதினியின் கையைக் கிள்ளினேன். முதல் இடம் கையில் வந்தாயிற்று. இந்த நேரத்தில் வாயை விட்டுக் கெடுத்துக்கொள்வார்களா?

"தப்புதான் சார்" என்றார் மதினி.

"கம்ப்யூட்டரு சொல்லலையா?"

"சொல்லிச்சு சார். வேற மூணு மூவு காட்டிச்சு. மூணும் நல்ல மூவு."

"பெறகு எதுக்கு இதை ஆடுனீங்க?"

"அந்த மூணும் டிரா சார். டிரா ஆனா கப்பு இவ வீட்டுக்குப் போகும். நான் வடகரைக்குப் போவேன். அது மிஷினுக்குத் தெரியாதுல்லா."

தாளாளர் எழுந்து நாற்காலியை ஓரமாகப் போட்டார். "திங்கக்கிழமை ஒம்போது மணிக்கு வந்துருங்க டீச்சர்" என்றார். மதினி தலையை ஆட்டினார்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கப்பு இவ வீட்டுக்குப் போகும் என்று மதினி சொன்னது சுருக்கென்று தைத்தது. ஷேர் ஆட்டோவில் வரும்போது அதற்குக் கோபப்படலாமா என்றுகூடப் பார்த்தேன். முடியவில்லை. வெள்ளிக்கிழமையே என் வீட்டில் டிவி பக்கத்தில் இருந்த பூச்சாடியை எடுத்துவிட்டு ஒரு கோப்பைக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் மதினி அதைப் பார்த்திருக்க வேண்டும். திரையில் மூன்று பூஜ்யங்களைப் பார்த்தபோது எனக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. மதினிக்கு வேலை கிடைக்காது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் நிம்மதி. இரண்டு நாளில் நான் மதினியின் காதில் எத்தனையோ நகர்வுகளைச் சொன்னேன். அத்தனையும் கம்ப்யூட்டர் சொன்னது. நானாகச் சொன்னது அந்த ஒரு 'சரி'தான். அதைச் சொல்ல எனக்கு நான்கு நிமிடம் பிடித்தது.